கான் ஓரத்து வெட்டுக்கிளி

தேயிலைக்குள் வெட்டுக்கிளி தேடுகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஊவாவின் பசறைப் பக்கமோ தெமோதரைப் பக்கமோ, நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். நிரை நிரையாகச் செடிகள் தலை சேர்ந்து நிற்பதால் வெயில் தரைக்கு இறங்குவதில்லை. கீழே கிடப்பது சருகும் ஈரமும்தான். இலைகளைச் சேர்த்து ஒட்டி உள்ளிருந்து தின்னும் டோட்ரிக்ஸ் புழு அங்கே உண்டு. கிளையைத் துளைக்கும் வண்டு உண்டு. வறட்சி வந்தால் சிவப்புச் சிலந்தியும் உண்டு. வெட்டுக்கிளி அபூர்வம். அதே மலையை விட்டிறங்கிக் கான் (வடிகால்) ஓரத்துக்கு வந்தால் காலடியில் நாலைந்து துள்ளும். ரோட்டோரம், பீலிக்கரை, லயத்துக்குப் பின்னாலுள்ள மாட்டுப்பட்டி, பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் மைதானத்து விளிம்பு, எங்கும் அப்படியே. தோட்டத்து வெட்டுக்கிளி தேயிலை இல்லாத இடத்தில்தான் குடியிருக்கிறது.

காரணம் அதன் வாயில் இருக்கிறது. வயல்வெளி வெட்டுக்கிளிகளில் பெரும்பாலானவை புல் தின்னிகள். புல்லின் தாளில் சிலிக்கா எனும் மணற்சத்து உண்டு. வெறும் கையால் மானாப்புல்லை உருவிப் பார்த்தவர்களுக்கு அதன் கூர்மை தெரியும். அதை அரைப்பதற்கென்றே இந்தப் பூச்சிகளின் தாடைகள் அம்மிபோல வரிவரியாகத் தேய்க்கும் பரப்போடு அமைந்திருக்கின்றன. அகன்ற இலை தின்னும் இனங்களுக்கோ தாடையில் கூரான பற்கள். கஃபீனும் துவர்ப்புச் சத்துகளும் நிறைந்த முற்றிய தேயிலை இலை புல் தின்னிக்கு உணவாக வாய்ப்பதில்லை. ஆகவே ஒரு வெட்டுக்கிளி எந்தத் தரையில், எந்தச் செடியருகே இருக்கிறது என்று கவனிப்பது அதன் வாய்க்குள் பார்ப்பதற்குச் சமம். அதன் பெயரைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். நிறத்தைப் பார்த்து ஆரம்பிக்கிறவர்கள்தான் வழி தவறுகிறார்கள்.

வழி தவற இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கில நூல்களில் ‘சாதாரண வயல் வெட்டுக்கிளி’ என்ற பெயரில் வருவது கோர்த்திப்பஸ் புருன்னியஸ் என்ற ஐரோப்பியப் பூச்சி. பிரித்தானியாவின் வெயில் விழும் குட்டைப்புல் மேடுகளில், பின்தொடையை இறக்கையில் உரசிச் சிறு சிறு கீச்சொலிகளாகப் பாடும் இனம் அது. இலங்கையில் கிடையாது. இருந்தும் இணையத்தில் ‘வயல் வெட்டுக்கிளி’ என்று தேடுகிற பதுளை மாணவனுக்கு முதலில் கிடைப்பது அதன் படம்தான். கான் ஓரத்தில் பிடித்த பழுப்புப் பூச்சியை அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பொருந்தியும் விடும். எல்லாப் பழுப்பு வெட்டுக்கிளியும் தூரத்தில் ஒன்றுபோலத்தான்.

நம் ஊரில் அந்த இடத்தைப் பிடித்திருப்பவற்றுள் முதன்மையானது அயோலோபஸ் தலாசினஸ். அதன் தமுலஸ் என்ற கிளையினம் இந்தியா தொடங்கித் தென்கிழக்காசியா வழியாக அவுஸ்திரேலியாவின் வடக்கு வரை பரவியிருக்கிறது. அந்தப் பெயரை 1798இல் வைத்தவர் லின்னேயஸின் மாணவரான டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ்.

இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர் நீளம். பெண் சற்றுப் பெரிது. மெலிந்த உடல். முன்னிறக்கை வயிற்று நுனியைத் தாண்டி நீண்டிருக்கும்; அதில் கருமையான திட்டுகளுக்கு இடையே வெளிர் பட்டைகள். தலைக்குப் பின்னாலுள்ள முதுகுக் கவசம் நடுவில் கொஞ்சம் ஒடுங்கிச் சேணத்தை நினைவூட்டும். நிறம் முழுப் பழுப்பாக இருக்கலாம். தலையிலும் கவசத்திலும் பச்சை ஓடியிருக்கலாம். இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகளாகவும் இருக்கலாம். இத்தனை குழப்பத்துக்கு நடுவே நம்பத்தக்க அடையாளம் பின்காலில் உள்ளது. முழங்காலுக்குக் கீழே, முள் வரிசை உள்ள கணைக்காலைப் பாருங்கள். மேலே வெளிர்மஞ்சள், நடுவில் கருநீலச் சாயல், பாதத்துக்கு அருகே சிவப்பு. உட்கார்ந்திருக்கும்போது தொடைக்குக் கீழே மடிந்து மறைந்துவிடுவதால் பலர் இதைப் பார்ப்பதேயில்லை. பறக்கும்போது பின்னிறக்கையின் அடிப்பகுதியில் மெல்லிய பச்சை கலந்த மஞ்சள் தெரியும். நுனி புகைபடிந்ததுபோல மங்கியிருக்கும்.

இதற்குப் பிடித்த இடம் ஈரம் கொஞ்சம் தங்கும் குட்டைப்புல். பதுளு ஓயாக் கரை, வயல் வரம்பு, மாடு மேய்ந்து புல்லைக் கட்டையாக்கிய வெளி, கான் வெட்டி மண் போட்ட ஓரம். இரவில் விளக்கைத் தேடி வருவதும் இதன் வழக்கம். மழைக்குப் பிந்திய இரவில் லயத்து விறாந்தைச் சுவரில் பல்லிக்கும் மின்குமிழுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு வெட்டுக்கிளியின் கணைக்காலையும் பார்த்து வையுங்கள்.

இன்னும் கொஞ்சம் உடற்கூறு தெரிந்திருப்பது நல்லது. வெட்டுக்கிளி என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு பெரும் பிரிவுகள் கலந்திருக்கின்றன. உணர்கொம்பு உடலைவிட நீண்டு மயிரிழை போல ஆடினால் அது இலை வெட்டுக்கிளி, சில்வண்டின் சொந்தக்காரன், அதன் காது முன்னங்கால் கணைக்காலில் இருக்கிறது. உணர்கொம்பு குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் அதுவே நாம் பேசும் பூச்சி. அதன் காது வயிற்றின் முதல் வளையத்தில், இறக்கைக்கு அடியில், சிறு சவ்வாக இருக்கிறது.

அடுத்து வயது. குஞ்சுக்கும் குட்டை இறக்கையுள்ள வளர்ந்த பூச்சிக்கும் வேறுபாடு தெரியாமல் புது இனம் கண்டதாக மகிழ்ந்தவர்கள் ஏராளம். வெட்டுக்கிளிக்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. முட்டையிலிருந்து வருவதே சின்ன வெட்டுக்கிளிதான். ஐந்தாறு தடவை சட்டை உரித்து வளரும். கடைசி இரண்டு பருவங்களில் இறக்கை மொட்டுகள் திரும்பிக்கொள்கின்றன. பின்னிறக்கையின் மொட்டு வெளியே வந்து முன்னிறக்கை மொட்டை மூடுகிறது. கடைசிச் சட்டை கழன்றதும் ஒழுங்கு மாறி முன்னிறக்கை மேலே வந்துவிடும். ஆகவே எவ்வளவு குட்டையான இறக்கையாயினும் முன்னது மேலே இருந்தால் பூச்சி வளர்ந்துவிட்டது. பால் அறிவது இன்னும் எளிது. வயிற்று நுனியில் மண்ணைத் தோண்டும் நான்கு சிறு கொக்கிகள் இருந்தால் பெண். நுனி படகு முனைபோல மேல்நோக்கி வளைந்திருந்தால் ஆண்.

பிறகு தொண்டை. பூச்சியை மெதுவாகப் புரட்டி முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே பார்த்தால் சில இனங்களில் ஒரு சிறு முளை தெரியும். நெல் வயலின் ஒக்ஸியாவுக்கு அது உண்டு. நமது அயோலோபஸுக்குக் கிடையாது. பச்சை, பழுப்பு என்று ஒரு பக்கம் நிரப்புவதைவிட இந்த ஒரு முளை கூடுதலாகச் சொல்லும்.

ஒக்ஸியா ஹைலா வெலிமடையிலும் பதுளைப் பள்ளத்தாக்கிலும் உள்ள படிக்கட்டு வயல்களுக்குரியது. பளிச்சென்ற பச்சை, கண்ணிலிருந்து கவசத்தின் பக்கவாட்டில் ஓடும் கரும்பழுப்புக் கோடு. ஆள் வந்தால் உடனே துள்ளாது. நெல் தாளின் மறுபக்கம் நழுவி ஒளிந்துகொள்ளும். லயத்து வீட்டுத் தோட்டத்தில் போஞ்சி இலையில் ஓட்டை போடுவது பெரும்பாலும் அட்ராக்டோமோர்ஃபா: கூர்ந்த தலை, கன்னத்தில் வெண்மணி வரிசை, பின்னிறக்கையில் ரோஜாச் சாயல். அதன் ஆண் மிகச் சிறிது. பெண்ணின் முதுகில் மணிக்கணக்காகச் சவாரி செய்யும் அதைக் குஞ்சு என்று நினைத்துத் தாயும் பிள்ளையும் என்பார்கள், அது இணை. உயர்ந்த புல்லுக்குள் புல்லாகவே நிற்கும் ஒடுங்கிய நீளமான பூச்சி அக்ரிடா. வாள் வடிவ உணர்கொம்பு. ஒற்றையடிப் பாதையின் வெறும் மண்ணில், மண் நிறத்திலேயே, மிதிக்கப்போகும் கடைசி நொடியில் எழும்பி இரண்டடி தள்ளி மீண்டும் மண்ணாகிவிடுவது ட்ரைலோஃபிடியா அனுலாட்டா. அதன் கவசத்தின் நடு வரம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் பல் வைத்ததுபோல் வெட்டுப்பட்டிருக்கும்.

இத்தனையையும் பார்க்க ஒரு தோட்டத்தில் கால் மணி நேர நடை போதும். ஊவாவின் சிறப்பு அதுதான். சுமார் 680 மீற்றர் உயரத்தில் கிடக்கும் பதுளை நகரிலிருந்து 2,000 மீற்றரைத் தாண்டும் நமுனுகுல உச்சி வரை நிலம் மடிப்பு மடிப்பாக ஏறுகிறது. மழையும் நாட்டின் தென்மேற்குக்கு எதிர்மாறான பருவத்தில் பெய்கிறது. ஹட்டனில் ஆடி மழை கொட்டும்போது இங்கே மலை தாண்டி வந்த கச்சான் காற்று வறண்டு வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான அந்தக் காய்ச்சலில்தான் ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற வாசனை பிறக்கிறது. இங்கே மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. வெட்டுக்கிளி முட்டைகளுக்கும் இந்த நாட்காட்டிதான். பெண் வயிற்றை மண்ணுக்குள் நீட்டி முட்டைகளை நுரையோடு பொதியாக இடுகிறது. நுரை காய்ந்து காப்பாகிறது. முட்டை வளர்வதற்கு மண்ணிலிருந்து நீரை உறிஞ்ச வேண்டும். காய்ந்த மண்ணில் காத்துக் கிடந்தவை மழை நனைத்ததும் பொரிக்கும். அதே மழையில் முளைத்த இளம்புல் குஞ்சுகளுக்கு உணவு.

வெட்டுக்கிளிகளின் பெரிய வீடு என்று ஊவாவில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பத்தனையைத்தான் சொல்ல வேண்டும். தியத்தலாவை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் மரமில்லாத மஞ்சள் மலைகளாகத் தெரியும் புல்வெளிகள். சுமார் 1,500 மீற்றருக்குக் கீழே உள்ளவை உலர் பத்தனைகள். மானாப்புல்லும் தெமேடாப் புல்லும் ஆளுயரம் வரை நிற்கும். காட்டை அழித்து எரித்ததால் வந்தவையா, மண்ணும் காற்றும் ஆக்கியவையா என்ற வாக்குவாதம் நூறாண்டைத் தாண்டியது. எச். எச். டபிள்யூ. பியர்சன் இலங்கைப் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி 1899இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார்; பின்னர் தென்னாபிரிக்கா போய் 1913இல் கேப் டவுனில் கிர்ஸ்டன்பொஷ் தாவரவியல் பூங்காவை நிறுவியவரும் அவர்தான். பத்தனை பழையதோ புதியதோ, இன்று அது புல்லை நம்பிய ஒரு முழு உலகம். உயர்ந்த மானாவுக்குள் அக்ரிடா, மாடு மிதித்த தடத்தில் ட்ரைலோஃபிடியா, பள்ளத்து ஈரத்தில் அயோலோபஸ் என்று ஒரே சரிவு பங்கிடப்பட்டிருக்கும். அதைத் தரிசு என்று காகிதத்தில் எழுதி பைன் மரம் நட்ட இடங்களைப் போய்ப் பாருங்கள். ஊசியிலை மெத்தைக்கு அடியில் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் இந்தப் பூச்சிகளும் இல்லை. மரம் நடுவதெல்லாம் நல்லது என்ற நம்பிக்கை பத்தனை விஷயத்தில் எனக்கு இல்லை.

கச்சான் காலத்தில் பத்தனை எரியும். சிலவற்றை மாட்டுக்கு இளம்புல் வேண்டிக் கொளுத்துகிறார்கள். எரிந்த சரிவில் ஒரு வாரம் கழித்துக் கரி நிறத்தில் வெட்டுக்கிளி கண்டால் வியக்க வேண்டாம். தீக்குப் பிறகு சில இனங்கள் தரையின் கருமைக்கேற்பத் தம் நிறத்தை இருட்டாக்கிக்கொள்வது ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் நன்றாகப் பதிவான செய்தி. சாம்பல் கழுவப்பட்டுப் பசுமை திரும்பியதும் அடுத்து வருபவை மீண்டும் வைக்கோல் நிறமாகும். நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தேயிலை மலைக்குள்ளும் புல் ஏறும் காலங்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது செடி மொட்டையாகி வெயில் தரைக்கு வருகிறது. செடி மறுபடி மூடும் வரை களைக்கும் புல்லுக்கும் இடம். கான் ஓரத்துப் பூச்சிகள் அந்த மாதங்களில் உள்ளே வந்து போகும். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுமுன் மண்ணைத் தேற்றுவதற்காக மானாவோ குவாட்டமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு ஆண்டு வளர்க்கிறார்கள். அப்போது அந்த மலை தற்காலிகப் பத்தனையாகிறது. 2015இல் கிளைபொசேட் களைகொல்லிக்குத் தடை வந்தபோதும் பல தோட்டங்களில் புல் செடிகளுக்கிடையே ஏறியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதித்தார்கள். பூச்சிகளுக்கு அந்தத் தடைக்காலம் வாய்ப்பாக இருந்திருக்கும். அட்டையும் பாம்பும் மறைந்திருக்கும் புல்லுக்குள் நின்று கொழுந்து பறித்தவர்களிடம் போய் அதை நல்ல காலம் என்று சொல்ல முடியாது.

இனம் தெரியாமல் போனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 2020 மே மாத இறுதியில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. ராஜஸ்தானில் பாலைவன வெட்டுக்கிளிப் படை இறங்கிய செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், குருநாகல் மாவட்டத்து மாவத்தகமவில் தோட்டப் பயிர்களில் பெரிய வெட்டுக்கிளிகள் கூட்டமாகக் காணப்பட்டன. படை இலங்கைக்கும் வந்துவிட்டது என்ற பீதி நாடு முழுக்கப் பரவியது. விவசாயத் திணைக்களத்தினர் பார்த்துச் சொன்னது வேறு. அது மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளி, அவுலார்கெஸ் மிலியாரிஸ். லின்னேயஸ் 1758லேயே பெயரிட்ட, இந்தத் தீவிலேயே வாழும் பூச்சி. கரும்பழுப்பு இறக்கையில் மஞ்சள் புள்ளிகள், கவசத்தில் கரடுமுரடான மஞ்சள் முண்டுகள், வயிற்றில் சிவப்பு வளையங்கள். ஒருமுறை பார்த்தால் மறக்காது. தொட்டால் மார்பிலிருந்து நாற்றமுள்ள நுரையைத் தள்ளும். குஞ்சுகள் கூட்டமாக மேயும். அதனால் ஒரு தோட்டத்துக்கு நட்டம் வரலாம். கண்டம் தாண்டிப் பறக்கும் படையாக அது மாறுவதில்லை.

அதன் ஆங்கிலப் பெயர்களில் ஒன்று கோப்பி வெட்டுக்கிளி. ஊவாவின் மலைகளும் ஒருகாலம் கோப்பி மலைகள்தான். இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்ணில் பட்டது 1869இல் இங்கே மடுல்சீமையில். தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. வீட்டுக் கொல்லைகளில் கோப்பிச் செடி தங்கிவிட்டது.

படையாகும் இனங்களை அடையாளம் காண்பதிலும் ஒரு பெரும் குழப்பம் இருந்தது. தனியாகத் திரியும் பச்சைப் பூச்சியும் கூட்டமாகப் பறக்கும் கருமஞ்சள் பூச்சியும் இரண்டு இனங்கள் என்றே நூல்கள் எழுதி வைத்திருந்தன. நெருக்கம் கூடும்போது ஒன்று மற்றதாக மாறுகிறது, இரண்டும் ஒரே இனத்தின் இரு நிலைகள் என்று ரஷ்யாவிலிருந்து இலண்டனுக்கு வந்த போரிஸ் உவாரோவ் 1921இல் காட்டினார். அயோலோபஸ் போன்ற நம் வயல் இனங்கள் அந்த அளவுக்கு உருமாறுவதில்லை. ஆனாலும் கபில நிறத்தான் வேறு, பச்சை நிறத்தான் வேறு என்று பிரிக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதற்கு அந்தப் பழைய நூல்கள் உதாரணம்.

இலங்கையில் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தவர்களுள் ஜி. எம். ஹென்றி முக்கியமானவர். 1891இல் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் ஓவியராகச் சேர்ந்து பூச்சியியலாளராக உயர்ந்தவர். 1955இல் வந்த அவருடைய பறவை நூலைத் தெரிந்த பலருக்கு, அவர் உத்தியோக காலத்தில் ஆராய்ந்தவை வெட்டுக்கிளிகள் என்பது தெரியாது. அவை எழுப்பும் ஒலியைப் பற்றி 1942இல் அவர் எழுதிய கட்டுரை உண்டு. பறவைகளுக்கு அவர் செய்ததுபோல வெட்டுக்கிளிகளுக்கு எளிய நூலொன்றும் எழுதியிருக்கக் கூடாதா என்று ஆதங்கப்பட எனக்கு உரிமை உண்டு.

நீங்களே பார்க்க விரும்பினால் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிப்புக்கு, ஆள் சேரும் நேரம் நல்லது. வெட்டுக்கிளிக்கு உடம்புச் சூடு வெயிலிலிருந்துதான் வர வேண்டும். பனி விலகாத காலையில் அது வெயிலுக்குப் பக்கவாட்டைக் காட்டி அசையாமல் இருக்கும், கையை நீட்டினாலும் உடனே துள்ளாது. பத்து மணிக்கு மேல் அதே பூச்சியைப் பிடிக்க முடியாது. துள்ளுமுன் பின்காலை மடக்கிப் பூட்டி, ஏறக்குறைய அரை நொடி தசையை இறுக்கி, முழங்காலின் வளையும் பகுதிகளில் விசையைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பூட்டு விட்டதும் அது ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்குக்குள் வெளிப்படுகிறது. பாலைவன வெட்டுக்கிளியில் அளந்த கணக்கு இது.

கைப்பேசியில் படமெடுப்பவர்கள் முதுகுப் பக்கத்தை மட்டும் பத்துப் படம் எடுக்கிறார்கள். முதுகுக்கு ஒன்று போதும். பின்கணைக்கால் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று. கையில் பிடிக்க முடிந்தால் தொண்டை முளைக்காக அடிப்பக்கம் ஒன்று. இன்னொரு படத்தைப் பூச்சி பறந்துபோன பிறகும் எடுக்கலாம்: அது உட்கார்ந்திருந்த தரை. புல் கணுக்கால் அளவா இடுப்பளவா, மண் எவ்வளவு தெரிகிறது, பக்கத்தில் வயலா கானா, அந்த மலையில் கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம் என்று படத்தோடு இரண்டு வரி குறித்து வைத்தால் இனம் சொல்லப்போகிறவருக்குப் பாதி வேலை குறையும்.